கறுப்பு உடுத்த வேண்டாம்

போசென், 9 ஜனவரி 1813

அன்புள்ள அக்கா சிபில்லாவுக்கு,

தம்பி லோரென்ஸ் வணக்கத்துடன் எழுதுவது. உயிரோடு இருக்கிறேன். இந்த ஒரு வரியை எழுதிவிட வேண்டும் என்றுதான் மூன்று நாளாக விரல்களிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். இன்றுதான் பேனா பிடிக்க இசைந்தன. இங்கே ராணுவ மருத்துவமனையில் படுத்திருக்கிறேன். பனி கடித்ததால் இடது காலில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். மற்றபடி நீங்கள் வழியனுப்பிய அதே லோரென்ஸ்தான், கொஞ்சம் எடை குறைவு.

ரஷ்யாவுக்குப் போனபோது என் கம்பெனியில் நூற்று நாற்பது பேர். இங்கே பெயர் கூப்பிட்டபோது என்னையும் சேர்த்து ஐந்து குரல்கள் கேட்டன.

இன்று காலை பார்லி சூப் கொடுத்தார்கள். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர், "ரொம்பச் சூடா இருக்கா, கேப்டன்?" என்றார். "ஆமா, ரொம்பச் சூடு" என்றேன். இறைவனுக்கும் அந்தச் சமையற்காரனுக்கும் நன்றி.

உங்கள் முழங்கால் வலி எப்படி? கூரை இந்தக் குளிர்காலத்தைத் தாங்கியதா?

உங்கள் தம்பி,
லோரென்ஸ்

ஹோல்டர்பாக், 2 பிப்ரவரி 1813

என் உயிருக்கு உயிரான தம்பி லோரென்ஸுக்கு,

அக்காள் ஆசீர்வாதம். இங்கே நான் நலம். முழங்காலைப் பற்றி நீ கேட்கும் நிலையில் இல்லை, இருந்தாலும் கேட்டாயே, அதற்காக ஒரு முத்தம். உன் கடிதம் வந்தபோது பன்றிக்கறிக்கு உப்புத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையோடு தெருவில் ஓடினேன். பாரன் வீட்டுப் பெண் தலையில் துணியில்லாமல் ஓடுவதை ஊரே பார்த்தது. பார்க்கட்டும். நம் பெயருக்கு முன்னால் பிரபு வம்சம் என்று காட்ட ஒரு 'ஃபான்' இருக்கிறது, கூரை மேல்தான் பாதி ஓடு இல்லை. ஞாயிற்றுக்கிழமை போதகர் உனக்காக நன்றி ஜெபம் சொன்னார்.

கோயில் வாசலில் குளத்தங்கரை வீட்டு அப்பலோனியா ரோஸ்லே காத்திருந்தாள். அவள் மகன் பால்ட்டஸ்தானே நாலு வருஷமாக உன் பணியாள்! "எசமான் வந்துட்டாருன்னா என் புள்ளையும் வந்திருப்பான். அவர் பூட்ஸை வேற யாரு தொடைக்கிறது?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி படித்தேன். அவனைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவளுக்காக ஒரு வரி எழுது.

காலை ஈரத்தில் வைக்காதே.

அக்காள்,
சிபில்லா

லைப்சிக், 3 மார்ச் 1813

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். என்னை இந்த ஊருக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒரு கோலை ஊன்றிக்கொண்டு கட்டிலிலிருந்து சன்னல் வரை நடக்கிறேன். நீங்கள் ஓடிய கதையைப் படித்துக் கட்டில் குலுங்கச் சிரித்தேன்.

நான் ரஷ்யாவிலிருந்து என் காலால் நடந்து வரவில்லை, அக்கா. பதினோரு நாள் ஒருவன் என்னைச் சறுக்கு வண்டியில் வைத்து மாடு மாதிரி இழுத்து வந்தான். காலையில் கண் திறக்கும்போதெல்லாம் அவனுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் மற்ற நினைப்பு.

பால்ட்டஸைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவன் எங்களோடு வந்து சேரவில்லை. இதற்குமேல் எழுத எனக்கு வழியில்லை. அப்பலோனியாவுக்கு நம் காட்டிலிருந்து வேண்டிய அளவு விறகு கொடுங்கள். அவள் வாத்துகள் நம் குளத்திலேயே மேயட்டும். அவள் துக்கக் கறுப்பு உடுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
லோரென்ஸ்

ஹோல்டர்பாக், 29 மார்ச் 1813

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உன் கடிதத்தின் முத்திரையை யாரோ உடைத்து, மறுபடி மெழுகு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். ராணுவத் தபாலில் இப்போது இப்படித்தானாம். அதனால் பார்த்தே எழுதுகிறேன்.

நீ சொன்னதைச் சொன்னேன். அப்பலோனியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "வந்து சேரலைன்னா என்னங்கம்மா அர்த்தம்? என் புள்ள என்ன ஆட்டுக்குட்டியா, வழி தவறிப் போறதுக்கு?" என்றாள். வெட்கமாக இருந்தது.

நேற்று மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு எழுத்தர் வந்தார். கையில் பட்டியல். திரும்பியும் வராமல், செத்ததாகச் சாட்சியும் இல்லாமல் இருக்கிறவர்களை ஓடிப்போனவர்கள் என்று எழுதிக்கொள்வார்களாம். அப்படி எழுதிவிட்டால் குடும்பத்தின் வீடும் தோட்டமும் அரசுக்குப் போய்விடும். நான் சத்தம் போட்டேன். அவர், "எம்மேல கோவப்பட்டு என்னம்மா ஆகப்போவுது? உங்க தம்பி கேப்டன். பாரன் வேற. தன் மானத்து மேல ஆணையா ரெண்டு வரி எழுதிக் குடுத்தா, எங்க ஆளுங்க மறுபேச்சுப் பேச மாட்டாங்க" என்றார்.

அப்பலோனியாவின் வீடு இப்போது உன் பேனாவில் இருக்கிறது.

சிபில்லா

லைப்சிக், 6 மே 1813

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். கால் ஆறிவருகிறது. புதிய ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை தந்திருக்கிறார்கள்.

அலுவலகம் கேட்டதை எழுதிக்கொடுத்துவிட்டேன். பால்ட்டஸ் ரோஸ்லே சென்ற டிசம்பர் பத்தாம் தேதி ரஷ்ய எல்லையில் கோவ்னோ அருகே என் கண் முன்னால் காய்ச்சலில் இறந்தான் என்று என் மானத்தின் மேல் ஆணையிட்டு, அப்பாவின் முத்திரை மோதிரத்தை வைத்து அழுத்தினேன். அந்தத் தாளின் நகல் அப்பலோனியாவுக்கு வரும். வரும்போது நீங்கள் அவள் பக்கத்தில் இருங்கள். நான் முன்பு சொல்லச் சொன்னதை மறுபடியும் சொல்லுங்கள்.

வேறு செய்தி இல்லை.

லோரென்ஸ்

ஹோல்டர்பாக், 20 ஜூன் 1813

தம்பி லோரென்ஸுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்பது வழக்கம். கேட்டுவிட்டேன்.

தாள் வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். அப்பலோனியா வாத்துக்குஞ்சுகளுக்கு நடுவில் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். படித்து முடித்ததும் முகம் சாம்பலாகிவிட்டது. "எசமான் தனியா வேற எதாச்சும் சொன்னாராம்மா?" என்றாள். "கறுப்பு உடுத்த வேண்டாம்னு மறுபடியும் சொல்லச் சொன்னான்" என்றேன்.

என்னையே பார்த்தாள். பிறகு பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "சரிம்மா, எனக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டுக் குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தாள், லோரென்ஸ்! ஞாயிற்றுக்கிழமை நீலத் தலைத்துணியோடு கோயிலுக்கு வந்தாள். மகனுக்காக மணி அடித்தபோது முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பெண்கள் என்னென்ன பேசுகிறார்கள் என்று எழுத எனக்குக் கூசுகிறது.

பிள்ளை செத்ததற்கு அழாத தாயை நான் பார்த்ததில்லை. நீ அவளுக்கு ஆறுதல் சொல்லவில்லை, புத்தியைக் கலக்கிவிட்டாய். நாலு வருஷம் உனக்குச் சோறு பொங்கியவன் எப்படிச் செத்தான், கடைசியில் என்ன சொன்னான் என்று நாலு வரி எழுத உனக்கு மனமில்லை. என் தம்பி இப்படி இல்லை. பனி உன் கால்விரலை மட்டும்தான் எடுத்ததா?

சிபில்லா

ரைன் கரைப் பாசறை, 12 டிசம்பர் 1813

என் அன்பு அக்காவுக்கு,

ஆறு மாதம் பதில் எழுதாத தம்பியை மன்னியுங்கள். இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. எங்கள் படை மருத்துவர் ப்யூல் விடுப்பில் ஊருக்குப் போகிறார். தன் உள்சட்டையில் தைத்துக் கொண்டுவருகிறார். அவருக்கு நல்ல சாப்பாடு போடுங்கள். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

பால்ட்டஸ் சாகவில்லை.

என்னைப் பதினோரு நாள் இழுத்து வந்தவன் அவன்தான். கோவ்னோவுக்கு அரை நாள் தூரத்தில் அவனும் விழுந்துவிட்டான். பார்போரா என்று ஒரு பெண், புருஷனை இழந்தவள், எங்களை வீட்டுக்குள் இழுத்துப் போட்டாள். அந்த வீட்டை நான் அடையாளம் கண்டுகொண்டேன், அக்கா. கோடையில் ரஷ்யாவுக்குப் போகும் வழியில் எங்கள் ஆட்கள் அங்கேதான் பசுவை ஓட்டிக்கொண்டு போனார்கள், விறகுக்காகக் களஞ்சியத்தைப் பிரித்தார்கள். நான் குதிரை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் எங்களை அடையாளம் தெரிந்தது. கஞ்சி காய்ச்சி முதலில் எனக்கும் பிறகு அவனுக்கும் ஊட்டினாள்.

ஐந்தாம் நாள், எங்கள் கடைசி வண்டிகள் ஆற்றைக் கடக்கின்றன என்று செய்தி வந்தது. பால்ட்டஸ் என்னைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு வண்டியில் ஏற்றினான். அவன் ஏறவில்லை.

"நான் வரலைங்க எசமான்" என்றான். "பசுவையும் ஓட்டிட்டுப் போனோம், களஞ்சியத்தையும் பிரிச்சோம். அந்தப் பொம்பள நமக்குக் கஞ்சி ஊத்துறா. இப்படியே வண்டியேறி ஊருக்குப் போனா எனக்குச் சோறு எறங்காது."

"இது ஓடிப்போறதுடா, ரோஸ்லே."

"ஆமாங்க எசமான்."

"நான் ஆபிசர். என்னை என்ன பண்ணச் சொல்ற?"

"சுடணும்னா சுடுங்க. இல்லேன்னா செத்துட்டான்னு எழுதிக்குங்க. எங்கம்மா மட்டும் கறுப்பு கட்டிடக் கூடாது. அது ஒண்ணு பாத்துக்குங்க."

என் துப்பாக்கி என் இடுப்பில்தான் இருந்தது. நான் கையை நீட்டினேன். பணியாளோடு கை குலுக்கியது என் வாழ்நாளில் அதுதான் முதல் முறை.

பிறகு எழுத்தர் உங்களிடம் வந்தார். உண்மையை எழுதினால் வீடு போகும், அவன் பிடிபட்டால் உயிரும் போகும். பொய்யை எழுதினேன். பாரன் என்ற பெயரில் நமக்கு மிச்சமிருந்தது சொன்ன சொல் மட்டும்தான். அதைக் கொடுத்துவிட்டேன். வருத்தம் இருக்கிறது. ஆனாலும் அவன் உயிரோடு இருப்பதற்காக ஒவ்வொரு நாளும் நன்றி சொல்கிறேன்.

இப்போது நம் அரசரே பக்கம் மாறிவிட்டதால், நேற்றுவரை நாங்கள் சுட்ட ரஷ்யர்களோடு ஒரே பானையில் சமைக்கிறோம். ஆனாலும் ஓடிப்போனவனுக்குத் தண்டனை அதேதான். அப்பலோனியாவிடம் மட்டும் சொல்லுங்கள்.

உங்கள்,
லோரென்ஸ்

ஹோல்டர்பாக், 6 ஜனவரி 1814

என் தங்கத் தம்பிக்கு,

மருத்துவர் திரும்பிப் போகும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன். இரண்டு வாத்து, ஒரு பானை பருப்பு, ஒரு ஜாடி ஆப்பிள் மது எல்லாம் அவர் வயிற்றுக்குள் போய்விட்டன. நன்றாகச் சாப்பிடும் மனிதர். கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். போடுவதற்கு முன் ஏழு தடவை படித்தேன்.

ஜூன் மாதம் நான் எழுதியதை நீயும் அடுப்பில் போட்டுவிடு. அக்காள் வாய் உனக்குத் தெரியாதா?

அப்பலோனியாவிடம் ஓடினேன். கதவைச் சாத்திவிட்டு, "பால்ட்டஸ் உயிரோட இருக்கான்" என்று காதில் சொன்னேன். "தெரியும்மா" என்றாள். "எப்படித் தெரியும்?" என்றேன். "செத்திருந்தா கறுப்பு கட்டாதேன்னு எசமான் ஏன் சொல்றாரு? ஒரு தடவை சொன்னா ஆறுதல். ரெண்டு தடவை சொன்னா சேதி. படிச்சவங்களுக்கு இது புரியாது" என்றாள். அதற்குப் பிறகுதான் என் தோளில் சாய்ந்து அழுதாள், ஒரு வருஷத்து அழுகையை.

படிக்கத் தெரியாத அவள் உன் கடிதத்தைச் சரியாகப் படித்திருக்கிறாள். நான்தான் படிக்கவில்லை.

உன்னை எங்களுக்குத் திருப்பித் தந்ததற்காக அந்த இரண்டு பேருக்காகவும் தினமும் ஜெபம் செய்கிறேன். பார்போரா என்ற பெயரைச் சொல்ல நாக்குப் பழகிவிட்டது.

சிபில்லா

கோவ்னோ வட்டாரம், 14 ஜூலை 1814

ஹோல்டர்பாக் பாரன் வீட்டு அம்மையார் வழியாகத் திருமதி அப்பலோனியா ரோஸ்லேவுக்கு. உங்கள் மகன் சொல்லச் சொல்ல இவ்வூர்ப் பாதிரியாராகிய நான் எழுதுகிறேன்:

அம்மா, நான் பால்ட்டஸ். நல்லா இருக்கேன். சண்டை முடிஞ்சிருச்சுன்னும், விட்டுட்டுப் போனவங்களையெல்லாம் நம்ம ராஜா மன்னிச்சுட்டாருன்னும் ஃபாதர் பேப்பர்ல பாத்துச் சொன்னாரு. அதான் தைரியமா எழுதச் சொல்றேன். களஞ்சியத்தைக் கட்டி முடிச்சாச்சு. பசு ஒண்ணு வந்திருக்கு. இங்க பீட்ரூட்டைப் புளிக்க வெச்சு ஒரு சூப்பு வெக்கிறாங்க, மொதல்ல கண்றாவியா இருந்துச்சு, இப்ப அது இல்லாம முடியல.

பார்போராவக் கட்டிக்கலாம்னு இருக்கேன். அவளா கேட்டா. "களஞ்சியம் முடிஞ்சுதே, இன்னும் எதுக்கு இங்க நிக்கிற? ஒண்ணு போ, இல்ல என்னைக் கட்டிக்கோ"ன்னா. நான் போகல. ஆனா ஃபாதர் நம்மூர்க் கோயில்லேருந்து ஞானஸ்நானச் சீட்டும், இன்னும் கல்யாணமாகாதவன்னு ஒரு சீட்டும் வேணுங்கறாரு. அனுப்பிவைங்க. எசமான் கால் எப்படி இருக்குன்னு கேட்டதா சொல்லுங்க.

(லோரென்ஸ், இது நகல். இதை எடுத்துக்கொண்டு போதகரிடம் போனோம். அவர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். உன் ஆணையின் பேரில் அவன் இறந்தவன். "உசுரோட இருக்கறது எனக்குச் சந்தோஷம்தான், ஆனா செத்தவனுக்கு நான் எப்படிம்மா கல்யாணச் சீட்டு தர்றது?" என்கிறார். ஆணை பொய் என்று நீயே போய்ச் சொல்வதைத் தவிர வேறு வழி இருக்கிறதா என்று நீதான் யோசிக்க வேண்டும். வேறு வழி இருந்தால் நல்லது. — சிபில்லா)

லுட்விக்ஸ்புர்க், 11 அக்டோபர் 1814

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் முழங்காலுக்கு மருத்துவர் ப்யூல் ஒரு களிம்பு தந்திருக்கிறார், கையோடு கொண்டுவருகிறேன். ஆம், வீட்டுக்கு வருகிறேன்.

வேறு வழி இல்லை, அக்கா. தேடிப் பார்த்தேன். பிறகு கர்னலிடம் போய், என் மானத்தின் மேல் ஆணையிட்டு நான் எழுதியது பொய் என்று சொன்னேன்.

அவர் என்னை உட்காரச் சொன்னார். "ரோஸ்லேவைத்தான் மன்னிச்சாச்சே. உங்களை யாரும் கேக்கலையே, கேப்டன். இதை ஏன் கிளறுறீங்க?"

"அவனுக்குக் கல்யாணம், கர்னல். செத்தவனா இருந்தா நடக்காதாம்."

சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு முகம் மாறியது. "பொய்யாணை எழுதின ஆபிசரை மன்னிக்கிற உத்தரவு எதுவும் இல்லை. தெரியுமில்ல?"

"தெரியும்."

நேற்று மூன்று பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பதவி போயிற்று. வாளை மேசை மேல் வைக்கச் சொன்னார்கள். இருபது வருஷம் இடுப்பில் கிடந்தது. கழற்றி வைத்தேன். வெளியே வந்து நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன். பசி வந்தது. பக்கத்துக் கடையில் போய் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

பால்ட்டஸ் ரோஸ்லே உயிருடன் இருக்கிறான் என்று திருத்திய உத்தரவு போதகருக்கு வரும்.

பாட்டன் பூட்டன் எல்லோரும் வீட்டுச் சுவரில் படங்களாகத் தொங்குகிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கத்தான் கொஞ்சம் கூச்சம்.

லோரென்ஸ்

ஹோல்டர்பாக், 20 அக்டோபர் 1814

எசமானுக்கு அப்பலோனியா கும்புடு. அம்மா எழுதறாங்க, நான் சொல்றேன். அழகா மாத்தி எழுதக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.

நீங்க சொகமா? நான் சொகம். வாத்துங்க சொகம். சீட்டு வந்துருச்சு. போதகர் தப்பில்லாம எழுதிக் குடுத்தாரு. அதைக் கையில வாங்கின பின்னாடிதான் அம்மா உங்க வாளைப் பத்திச் சொன்னாங்க. முன்னாடியே சொல்லியிருந்தா வாங்கியிருக்க மாட்டேன்னு அவங்களுக்குத் தெரியும்.

நன்றின்னு சொல்லலாம். அது உப்புக் கேட்டு வாங்கினாலும் சொல்ற சொல்லு. அதனால வேற ஒண்ணு சொல்றேன். நான் குயின்ஸல்சாவு சந்தையத் தாண்டிப் போனதில்ல. எம் புள்ள கல்யாணத்துக்குப் போகணும். வழி தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். இப்ப உங்களுக்கு வேலையும் இல்ல. என்னைக் கூட்டிட்டுப் போங்க. வழியில உங்களுக்குச் சமைக்கிறது, காலுக்குத் தைலம் போடறது என் பொறுப்பு. பூட்ஸ் மட்டும் நீங்களே தொடைச்சுக்கணும்.

(ஒரு எழுத்தும் மாற்றவில்லை. பாட்டன் பூட்டன் படங்களைத் தூசி தட்டினேன். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. வா. — சிபில்லா)

கோவ்னோ வட்டாரம், 8 ஜூன் 1815

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று மாலை வந்து சேர்ந்தோம். இருவரும் நலம். ஒன்பது வாரப் பயணத்தில் அப்பலோனியாவுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. எனக்குத்தான் சளி பிடித்தது. போலந்து முழுவதும் வெங்காயச் சாறு குடித்தேன்.

அதே சாலைதான், அக்கா. இரண்டு பக்கமும் கோதுமை பச்சையாக வளர்ந்து நிற்கிறது. என் ஆட்கள் விழுந்த இடங்களில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். பெயர் தெரிந்த ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அப்பலோனியா பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெயருக்கும் "ஆமென்" சொன்னாள். என் பழைய படைப்பிரிவு மறுபடியும் பிரான்சுக்குப் புறப்பட்டுவிட்டதாம். நான் இங்கே இருப்பதற்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

பார்போரா வாசலில் நின்றிருந்தாள். எனக்குத் தெரிந்த லிதுவேனியச் சொல் இரண்டுதான், 'ரொட்டி', 'நன்றி'. இரண்டாவதைச் சொன்னேன். மேலே தொடரத் தெரியாமல் தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு நின்றேன். அவள் என் காலைப் பார்த்தாள், கோலைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டு, என் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

அப்போது களஞ்சியத்திலிருந்து பால்ட்டஸ் வந்தான். தாடியும் வைக்கோலுமாக இருந்தான். தாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தாயைக் கட்டிக்கொள்ள ஓடியவன் பாதியில் நின்றுவிட்டான். குதிகாலைச் சேர்த்து, மார்பை நிமிர்த்தி, எனக்குச் சலாம் வைக்கக் கையைத் தூக்கினான்.

அப்பலோனியா அந்தக் கையில் பளீரென்று ஒரு அடி போட்டாள்.

"கையை எறக்குடா. அவரு ஆபிசர் இல்ல. உங்க கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி. உள்ள கூட்டிட்டுப் போய்ச் சோறு போடு."

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். உங்களுக்காக ஒரு தட்டு வைப்பதாகப் பார்போரா சைகையில் சொல்கிறாள்.

தம்பி,
லோரென்ஸ்